நாலாம் கேங்கின் எச்சில்

ஈப்போவிலிருந்து பதினெட்டு மைல் தள்ளி இருந்த புக்கிட் செரோஜா தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு வரைக்கும், ஜனங்களுக்கு ஈறு வீங்கிய பிறகுதான் ஈறு வீங்கியது தெரியும். பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் பல் ஆடுகிறது என்று சொல்வார்கள். இப்படி ஒரு ஒழுங்கீனமான நிலைமையில் இருநூற்றுப் பதினாலு பேர் பல ஆண்டுகளாக பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டிக்கொண்டும் சோறு தின்றுகொண்டும் இருந்திருக்கிறார்கள் என்பது மேலிடத்துக்குத் தெரியவந்தபோது, மேலிடம் தாங்கமுடியாத வருத்தம் அடைந்தது.

ஆகவே ஈப்போவில் ‘ஈறு நோய் முன்னறிவுப் பிரிவு’ என்று ஒன்று திறக்கப்பட்டது. ஒருவருடைய எச்சிலை எடுத்து, அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று சோதித்து, அவருக்கு ஈறு நோய் வரப்போகிறதா என்பதை வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவது அதன் வேலை. காரியம் என்னவோ நல்ல காரியம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம், துப்பத் தெரிந்தால் போதும். தோட்டத்து ஜனங்களுக்குத் துப்பத் தெரியாது என்று அவர்களுடைய எதிரிகூடச் சொல்லமாட்டான்.

ஒருநாள் தோட்ட ஆபீசுக்கு ஒரு சூராட், அதாவது கவர்மெண்டுக் கடிதம் வந்தது. தடித்த காகிதம், அடியில் மூன்று சாப்பு முத்திரை. “தங்கள் தோட்டத்து ஆட்களின் மேலான உமிழ்நீரைத் தொகுதிவாரியாகச் சேகரித்து, கெட்டுப்போகாத வகையில் பாதுகாத்து, மறுநாள் மாலைக்குள் அனுப்பிவைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்” என்று அதில் எழுதியிருந்தது. கூடவே ஒரு பெட்டியில் ஆறு கண்ணாடிப் போத்தல்கள் வந்தன.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை முதலில் ஆஸ்பத்திரி டிரெசரைக் கூப்பிட்டுக் கேட்டார். டிரெசர் நியாயஸ்தர். “சீக்காளிங்கதான் என் பொறுப்பு. இவங்களுக்கு இன்னும் சீக்கு வரல. வந்தப்புறம் அனுப்புங்க, பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டார். துரை சூராட்டை இன்னொரு தரம் படித்தார். உமிழ்நீர் என்றால் திரவம். தோட்டத்தில் திரவம் எதுவானாலும் அது ரப்பர்ப்பால் ஸ்டோர் சம்பந்தப்பட்டது. இந்த முடிவுக்கு வர அவருக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

இப்படியாக அந்தப் பொறுப்பு ஐயாவுவின் தலையில் விழுந்தது.

ஐயாவு பால் ஸ்டோரில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. காலையில் வெட்டின ரப்பர்ப்பால் பதினொரு மணிக்கு வாளி வாளியாக ஸ்டோருக்கு வரும். எந்த வேலைக்குழு, அதாவது கேங்கு, கொண்டுவந்ததோ அந்தக் கேங்கின் பாலை மொத்தமாக ஒரு தொட்டியில் கொட்டுவார். கொட்டுவதற்கு முன் தூசு துரும்பு போக வடிகட்டுவார். பிறகு அமோனியா ஊற்றுவார். ஊற்றாமல் விட்டால் மத்தியானத்துக்குள் பால் கட்டிப்போய்விடும். கடைசியாகத் தொட்டிக்கு ஒரு போத்தல் மாதிரி எடுத்துச் சீட்டு ஒட்டுவார். உலகத்தில் உள்ள எந்தத் திரவத்தையும் இப்படித்தான் கையாள வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். இத்தனை வருஷத்தில் அந்தத் தீர்மானத்தை யாரும் ஆட்சேபித்ததில்லை.

அவரிடம் இருந்த ஒரே குறை வாய்க்குள் இருந்தது. கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டிருந்தது, ஈறு அவ்வப்போது வீங்கும். வெற்றிலை போடாமலேயே காலையில் சிவப்பாகத் துப்புகிற ஒரே ஆள் தோட்டத்தில் அவர்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிற கவர்மெண்டுப் பல் வைத்திய வேனில் காட்டிவிடலாம் என்று நினைத்து நினைத்து, வேன் வரும் நாளெல்லாம் பால் நிறைய வந்து போகமுடியாமல் போயிருந்தது.

அவர் சூராட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தொகுதிவாரியாக என்றால் கேங்குவாரியாக. தோட்டத்தில் ஆறு கேங்கு, வந்திருப்பது ஆறு போத்தல். கெட்டுப்போகாமல் என்றால் அமோனியா. இதைவிடத் தெளிவாக ஒரு கடிதம் எழுத யாராலும் முடியாது என்று அவருக்குத் தோன்றியது, கவர்மெண்டின் மேல் அவருக்கு மரியாதையே உண்டானது.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் ஆறு வரிசை நின்றது. ஆளுக்கொரு ரப்பர்ப்பால் பிடிக்கிற மங்குக் கிண்ணம் கொடுக்கப்பட்டது. முதலாம் கேங்கில் முதல் ஆளாகக் காளியம்மா நின்றாள். அவளுக்கு வாயில் ஒரு பல் கிடையாது, பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

“என்னா ஐயாவு, பொறந்ததுலேருந்து கண்ட எடத்துல துப்பாதேன்னு சொல்லியே வளர்த்தீங்க. இன்னிக்கு வரிசையில நிக்க வச்சு துப்புன்றீங்க.”

“கவர்மெண்டு கேக்குதுக்கா.”

“கவர்மெண்டு கேட்டதுல என்னால குடுக்க முடிஞ்சது இது ஒண்ணுதான். நல்லாவே குடுக்கறேன்” என்று சொல்லி மங்கை முக்கால்வாசி நிரப்பிக் கொடுத்தாள்.

ஐயாவு ஒவ்வொரு கேங்கின் எச்சிலையும் ஒரு வாளியில் ஒன்றாகக் கொட்டினார். வெற்றிலைத் துணுக்கு, பாக்குத்தூள் எல்லாம் போக இரண்டு தரம் வடிகட்டினார். வாளிக்கு ஒரு கரண்டி அமோனியா ஊற்றிக் கலக்கினார். நாலாம் கேங்கின் வாளிக்கு வந்தபோது கடைவாய்ப் பல் சுரீர் என்று இழுத்தது. கண்ணில் தண்ணீர் முட்டி, கை தவறி, அமோனியாப் புட்டி கவிழ்ந்துவிட்டது. ஒரு கரண்டிக்குப் பதிலாக நாலைந்து கரண்டி போயிருக்கும். அதனால் பாதகமில்லை, கூடக் கொஞ்சம் நாள் கெடாமல் இருக்கும் என்று அவர் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு சீட்டை ஒட்டினார்.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. ஆறு போத்தலுக்கு ஆறு முடிவுதான். ஆனாலும் கவர்மெண்டு ஆளையாள் வித்தியாசம் பார்க்காது என்பதால் இருநூற்றுப் பதினாலு பேருக்கும் பேர் எழுதி, சாப்பு குத்தி, தனித்தனி அட்டையாகவே வந்தது. ஆபத்து குறைவு என்றால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், மிக அதிகம் என்றால் சிவப்பு. முதலாம் கேங்கு பச்சை. மிச்சமெல்லாம் மஞ்சள். நாலாம் கேங்கு முப்பத்தாறு பேரும் இரத்தச் சிவப்பு.

பல்லே இல்லாத காளியம்மாவுக்குப் பச்சை. பாக்கைக் கடித்தால் அடுத்த லயத்து வீடுகளுக்குக் கேட்கிற மாதிரி பல் வைத்திருந்த மங்களத்துக்குச் சிவப்பு. மங்களம் நாலாம் கேங்கில் மரம் வெட்டுகிறவள், இருபத்திரண்டு வயசு. ஐயாவுவின் ஒரே மகள்.

எச்சில் எடுக்க யாரும் அழைக்காத ஒரே ஆள் ஐயாவுதான். அவர் எந்தக் கேங்கிலும் சேர்த்தியில்லை, ஆகவே அவருக்கு அட்டையும் இல்லை. அந்த வருஷத்திலிருந்து பல் வேன் சிவப்பு அட்டைக்காரர்களை மட்டும்தான் பார்க்கும் என்று புது உத்தரவு போட்டிருந்தார்கள். ஐயாவு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேனுக்குப் போனார். அட்டை எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றார். அட்டை இல்லாதவருக்கு ஈறு இருப்பதாகவே எங்கள் பதிவில் கிடையாது என்று சொல்லி மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். மங்களத்தின் வாயை மட்டும் நர்ஸ் நன்றாகப் பார்த்தாள்.

“உன் பல்லு மாதிரி நான் பார்த்ததே இல்ல. ஒரு குறையும் இல்ல.”

“அப்ப அட்டைய மாத்திக் குடுங்க அக்கா.”

“அதுக்கு எழுதற பாரம் என்கிட்ட இல்லையேம்மா” என்றாள் நர்ஸ். அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

அட்டை வந்த பிறகு தோட்டத்தின் நடப்பே மாறிவிட்டது. பச்சைக்காரர்கள் அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். சிலர் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி அதற்கும் சேர்த்து சூடம் காட்டினார்கள். சிவப்புக்காரர்கள் தண்ணீர் குடித்த செம்பைத் தேய்த்துக் கழுவினார்கள். காளியம்மா தோட்டத்துக் கடைக்குப் போனால், “பச்சை அட்டை வாராங்க, வழி விடுங்க” என்று ஒதுங்கி நின்றார்கள். அவளும் பல் இல்லாத வாயைத் திறந்து எல்லோரையும் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தாள்.

இந்த நேரம் பார்த்து மங்களத்துக்கு கமுந்திங்கிலிருந்து வரன் வந்திருந்தது. பையன் பேர் ராஜு, அங்கே தொழிற்சாலையில் வேலை. ஈப்போ கோயிலில் தைப்பூசத்தன்று மங்களத்தைப் பார்த்து அவனுக்குப் பிடித்துப்போய், மங்களத்துக்கும் பிடித்துப்போய், ஜாதகத்தில் பொருத்தமெல்லாம் கூடிவந்து, தாம்பூலம் மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. பையனுடைய அம்மா நவமணி வந்து உட்கார்ந்தாள். தையல்காரரிடம் கொடுத்துத் தைத்த பையிலிருந்து தன்னுடைய பச்சை அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கமுந்திங்கிலும் எச்சில் எடுத்திருந்தார்கள்.

“அண்ணே, பொண்ணு அட்டைய கொஞ்சம் காட்டுங்க.”

ஐயாவுவின் பெண்சாதி பாப்பா உள்ளேயிருந்து அட்டையை எடுத்துவந்தாள். அதைப் பார்த்ததும் நவமணி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“தப்பா நினைக்காதீங்க. ஜாதகத்துல தோஷம்னா பரிகாரம் பண்ணலாம். எச்சில்ல தோஷம்னா என்னா பண்றது? நாளைக்குப் பொறக்கப்போற பேரப்புள்ளைங்க ஈறு இருக்குல்ல.”

“அதோட பல்ல பாருங்க தங்கச்சி” என்றார் ஐயாவு. “கரும்பக்கூட பல்லாலயே சீவும்.”

“பல்ல நான் என்னத்த பார்க்கறது. நான் என்னா டாக்டரா? சாப்பு குத்தி வந்திருக்கு. தை வரைக்கும் பொறுத்துக்கறேன், அடுத்த சோதனை தையிலதானே. பச்சை வந்தா தாலி. இல்லாட்டி சுங்கை சிப்புட்ல ஒரு பொண்ணு இருக்கு, மஞ்சள்.”

வாசலில் ராஜு மங்களத்திடம் மெதுவாகச் சொன்னான், “என்னோடதே மஞ்சள்தான். அம்மாவுக்குத் தெரியாது.”

அன்றைக்கு மங்களம் சாப்பிடவில்லை. பல்லுக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான். ஐயாவு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாலாம் கேங்கு, முப்பத்தாறு பேர், ஒரே சிவப்பு. கைநழுவிக் கவிழ்ந்த புட்டி அவருடைய நினைவுக்கு வந்தது.

“பாப்பா, அது எச்சில் இல்ல. நான் ஊத்துன அமோனியா.”

பாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “பெத்த மக கல்யாணத்துக்கு அமோனியா ஊத்துன தகப்பனை இந்தப் பேராக்கிலயே நான் இப்பத்தான் பார்க்கறேன். நாளைக்கே போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் ஐயாவு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினார். முன்னறிவுப் பிரிவு ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் திரு. பத்துமலை குளிரூட்டிய அறையில், பேராக் மாநில வரைபடத்தில் சிவப்பு ஊசி குத்திக்கொண்டிருந்தார். அவர் மேசையில் பல்குச்சி டப்பா இருந்தது. பல்லைக் குத்தி, கைக்குட்டையால் வாயைத் துடைத்து, கைக்குட்டையை மடித்து வைத்தார். மடிப்பில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. அதிகாரிகளுக்குப் பதவி வழியாகவே பச்சை அட்டை உண்டு என்பதால், தன்னுடையதைப் பின்னால் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

“துவான், புள்ள வாய ஒரு தரம் பார்த்திடுங்க” என்றார் ஐயாவு. மங்களம் வாயைத் திறந்தாள்.

பத்துமலை சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். “மூடச் சொல்லுங்க. நாங்க வாயைப் பார்க்கக் கூடாது. பார்த்துச் சொல்றது எல்லாராலயும் முடியும்லா. பார்க்காம சொல்றதுக்குத்தான் கவர்மெண்டு இந்த பெஜாபாட் ஆபீசையே திறந்திருக்கு.”

“வேன் நர்ஸ் பார்த்துட்டு பல் நல்லா இருக்குன்னு சொன்னாங்க” என்றாள் மங்களம்.

“அவங்க பார்த்தது இன்னிக்கு இருக்கிற வாய். அட்டையில இருக்கிறது நாளைக்கு இருக்கப்போற வாய். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.”

“அப்ப ஜோசியர்னு போர்டு போட்டுக்கலாமே சார்.”

பத்துமலைக்குக் கோபம் வரவில்லை. “ஜோசியர் கையையாவது பார்ப்பாரும்மா. நாங்க எதையுமே பார்க்கறதில்ல.”

ஐயாவு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கேங்கு, வாளி, வடிகட்டினது, புட்டி கவிழ்ந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தது. பத்துமலை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதை யார் யார்கிட்ட சொன்னீங்க?”

“வீட்டுல மட்டும்தான் துவான்.”

“நல்லது. பாருங்க அண்ணே, உங்க நாலாம் கேங்கு எச்சில்ல காட்டமா ஒரு பொருள் இருக்கிறத நாங்க கண்டுபிடிச்சிருக்கோம். அதுக்கு ‘பேராக் குறியீடு’ன்னு பேர் வச்சாச்சு. அது எவ்வளவுக்கெவ்வளவு கூடுதோ அவ்வளவுக்கவ்வளவு ஈறுக்கு ஆபத்து. அடுத்த மாசம் கோலாலம்பூர்ல நான் அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.”

“அது அமோனியா துவான். எங்க ஸ்டோர்ல பீப்பாய் மாதிரி தோம்பு தோம்பா இருக்கு.”

“அப்படின்னா ஆபத்து நாங்க நினைச்சதைவிடப் பரவலா இருக்குன்னு அர்த்தம்” என்று சொல்லி பத்துமலை அதைக் குறித்துக்கொண்டார்.

“ஊத்துனது நான் துவான்.”

“யார் ஊத்தினாங்கன்றது ஆய்வின் எல்லைக்குள்ள வராது. பேர் வச்சப்புறம் ஒரு பொருள இல்லேன்னு சொல்றதுக்கு எங்ககிட்ட பாரமும் இல்ல.”

மங்களம் விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். சிவப்பு அட்டையை ரத்து செய்ய மூன்று வழி இருந்தது. அட்டைக்குரியவர் இறந்திருக்க வேண்டும். அல்லது அவருக்குப் பல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அல்லது அடுத்த ஆண்டு உமிழ்நீரில் பச்சை வர வேண்டும்.

“ரெண்டாவது ரொம்ப சுலபம்” என்றார் பத்துமலை அன்பாக. “பல் இல்லாத வாய்க்கு ஈறு நோய் வந்ததா சரித்திரமே இல்ல. கல்யாணத்துக்கு அவசரம்னா வேன்ல ஒரு நாள் ஒதுக்கித் தரச் சொல்றேன்.”

“மூணாவதையே எடுத்துக்கறோம்” என்றாள் மங்களம், அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஜெலாப்பாங் தாண்டியதும் மங்களம், “ப்பா, தையில யார் எச்சில் எடுப்பாங்க?” என்று கேட்டாள். “நான்தான்” என்றார் ஐயாவு. அப்புறம் இரண்டு பேரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

தை மாசத்துக்கு முன்னாலேயே பெட்டிகள் வந்துவிட்டன. திட்டம் அமோக வெற்றி என்பதால் இந்தத் தடவை ஆளுக்கொரு போத்தல் என்று இருநூற்றுப் பதினாலு போத்தல் அனுப்பியிருந்தார்கள். மகளுடைய போத்தலில் மட்டும் ஸ்டோர்த் தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீரை நிரப்பிவிடலாம் என்பது ஐயாவுவின் திட்டம். பாப்பா இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு பக்கத்து வீட்டில் சொன்னாள். சாயந்திரத்துக்குள் நாலாம் கேங்கு முழுக்க ஸ்டோர் வாசலில் நின்றது. ஒருத்தன் வாழைத்தார், ஒருத்தி நாட்டுக்கோழி.

“அண்ணே, எனக்கும் பொம்பளப் புள்ள இருக்கு. கொஞ்சம் தண்ணி பார்த்து ஊத்துங்க.”

“மச்சான், மழைத்தண்ணிதானே, உங்க வீட்டுக் காசா?”

நாலாம் கேங்குக்கு மட்டும் எப்படி என்று மஞ்சள் கேங்குகள் வந்தன. பச்சைக்காரர்களும் ஒரு பாதுகாப்புக்கு என்று வந்தார்கள். ஐயாவுக்கு இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. வரிசை போட்டு எல்லோருக்கும் மழைத்தண்ணீர் பிடித்துச் சீட்டு ஒட்டினார். காளியம்மா ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“எனக்கு என் எச்சில்தான் போகணும். போன வருஷம் பச்சை வாங்கிக் குடுத்த எச்சில், அத விட்டுக்குடுக்க மாட்டேன்.” அவள் துப்பியதை அப்படியே அனுப்பினார்கள்.

முடிவு வந்தது. இருநூற்றுப் பதின்மூன்று பேருக்கு இளந்தளிர்ப் பச்சை. “இதுவரை நாடு கண்டிராத தூய்மையான உமிழ்நீர்” என்று தனியாக ஒரு பாராட்டுக் கடிதமும் கூட வந்தது. காளியம்மாவின் போத்தல் மட்டும் திரும்பி வந்திருந்தது. “மேற்படி மாதிரி தோட்டத்து ஏனைய உமிழ்நீருடன் ஒத்துப்போகாததால் அது உமிழ்நீர் அன்று” என்று அதில் ஒட்டியிருந்தது. காளியம்மா பத்து நாள் கடைப்பக்கம் வரவில்லை.

மங்களத்தின் கல்யாணம் மாசியில் ஜாம்ஜாமென்று நடந்தது. நவமணி தன் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு மருமகளின் அட்டையைக் காட்டினாள். ஐயாவு பந்தியில் இடதுபக்கமாகவே மென்றுகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலியா சந்தோஷமா என்று கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. மகள் நன்றாக இருப்பாள் என்ற நிம்மதி மட்டும் உண்மை.

அடுத்த வாரம் பத்துமலை பெரிய காரில் வந்தார். தோட்டத்து முகப்பில் ‘ஈறு நோயற்ற முன்மாதிரித் தோட்டம்’ என்று பலகை திறந்துவைத்து, ஒரு மணிநேரம் பேசினார். கடைசியில், சிவப்பு அட்டை ஒன்றுகூட இல்லாத தோட்டத்துக்குப் பல் வேன் வருவது பொதுப்பணத்தை விரயம் செய்வதாகும், ஆகவே மேற்படி வேன் வேறு தேவையுள்ள இடத்துக்கு மாற்றப்படுகிறது என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினோம் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் அவர்களுக்குப் புரிந்தது.

முதலில் ஐந்தாம் கேங்கில் ஒருத்தனுக்குக் கன்னம் வீங்கியது. பிறகு இரண்டாம் கேங்கில் மூன்று பேருக்கு. லயத்தில் கிராம்பு மணத்தது, உப்புத்தண்ணீர் கொதித்தது. ஐயாவுக்கு ஒன்றுக்கு நாலு பல் ஆட ஆரம்பித்தன. கஞ்சிதான் சாப்பாடு. வலி பொறுக்கமாட்டாமல் டவுன் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் ஊரைக் கேட்டு, பட்டியலில் விரலை ஓட்டினாள்.

“புக்கிட் செரோஜாவா. அங்க யாருக்கும் ஈறு நோய் இல்லையே.”

“எனக்கு இருக்கு தங்கச்சி. வாயப் பாரு.”

“பச்சைத் தோட்டத்துக்காரங்க பல்வலின்னு வந்தா ரெண்டுல ஒண்ணுதான் அண்ணே. வலி பொய், இல்லாட்டி அட்டை பொய். அட்டையில சாப்பு இருக்கு.”

ஐயாவு யோசித்துப் பார்த்தார். அவருடைய வலியில் சாப்பு எதுவும் இல்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்த தை வந்தது, பெட்டியும் வந்தது. ஸ்டோர் வாசலில் மறுபடியும் வரிசை நின்றது. போன வருஷத்து ஆட்களேதான், வாழைத்தாரும் அதே. ஒவ்வொருவரும் துண்டால் தாடையைக் கட்டியிருந்தது ஒன்றுதான் வித்தியாசம்.

“அண்ணே, எனக்குக் கொஞ்சம் கூடவே ஊத்துங்க.”

“எனக்கு ரெண்டு கரண்டி. வேன் வந்தா முதல் ஆளா போகணும்.”

“சிவப்பு வரும்லா? மஞ்சள்ல நின்னுறாதே?”

ஐயாவு இருபத்தெட்டு வருஷ அனுபவத்தோடு ஒவ்வொரு போத்தலுக்கும் அமோனியாவை அளந்து ஊற்றினார். இந்தத் தடவை காளியம்மாவும் சண்டை போடாமல் போத்தலை நீட்டினாள். எச்சில் இல்லாத பொம்பளை என்ற பேரோடு அவளால் தோட்டத்தில் காலம் தள்ள முடியவில்லை. எல்லோருக்கும் ஊற்றி முடித்து, ஐயாவு ஆபீஸ் கிராணியிடம் கெஞ்சி நாலாம் கேங்கில் மகள் இருந்த காலி இடத்தில் தன் பேரைச் சேர்க்கச் சொல்லி, ஒரு போத்தல் வாங்கித் தனக்கும் ஊற்றிக்கொண்டார். அமோனியாத் தோம்பு காலியானது. அன்றைக்கு வந்த ரப்பர்ப்பால் அத்தனையும் ஊற்ற அமோனியா இல்லாமல் தொட்டியிலேயே கட்டிப்போனது. துரை காரணம் கேட்டு ஒரு சூராட் அனுப்பினார்.

தோட்டம் முழுக்கச் சிவப்பு வந்தது. பலகையைக் கழற்றி, ‘அதிதீவிரக் கண்காணிப்புத் தோட்டம்’ என்று புதுப் பலகை மாட்டினார்கள். வேன் இரண்டு நர்சுகளோடு வந்து ஒரு வாரம் நின்றது. ஐயாவு படியேறி அட்டையைக் காட்டினார். பழைய நர்ஸ்தான்.

“வாயத் திறங்க அண்ணே.”

இந்த வார்த்தையை அவரிடம் யாராவது சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வாயைத் திறந்தார். நர்ஸ் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள். ஐந்து பல் போயிற்று.

“இது ரெண்டு வருஷத்துக்கு முந்தியே இருந்திருக்கும். அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே.”

ஐயாவு பஞ்சைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தி அந்தப் பல் இழுத்துத்தான் புட்டி கவிழ்ந்தது, புட்டி கவிழ்ந்துதான் சிவப்பு வந்தது. ஆக நாலாம் கேங்கு வாளியில் ஈறு நோய் ஒன்று இருந்தது நிஜம்தான். அது யாருடைய வாயில் என்பதை மட்டும் சோதனை சொல்லவில்லை.

பத்துமலையும் அதையே வேறு விதமாக எழுதியிருந்தார். எண்பத்திரண்டிலேயே தாம் முன்னறிவித்த ஈறு நோய் எண்பத்து நாலில் தோட்டம் முழுவதும் வந்தே தீர்ந்தது என்று அறிக்கை அனுப்பி, பதவி உயர்வு பெற்றுத் தலைநகருக்குப் போனார். போவதற்கு முன் டவுனில் ஒரு தனியார் பல் டாக்டரிடம் மூன்று பல்லைப் பிடுங்கிக்கொண்டதாகக் கேள்வி.

ஐயாவுக்கு வாய்ப்புண் ஆறின சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கமுந்திங்கிலிருந்து நவமணி வந்தாள். மங்களம் கூட வரவில்லை, அவள் முழுகாமல் இருந்தாள். நவமணி தலையோடு சேர்த்து முக்காடு போட்டிருந்தாள். ஒரு கன்னம் பலாச்சுளை மாதிரி புடைத்திருந்தது. கழுத்தில் பச்சை அட்டை தொங்கியது. ஒரு கையில் மைசூர்பாகு டப்பா.

“அண்ணே” என்றாள் வாயை அசைக்காமல். “பச்சைன்னு சொல்லி எங்க ஊர்ல யாருமே பார்க்க மாட்றாங்க. மருமகதான் சொல்லுச்சு, அப்பாகிட்ட போங்க, அவர் நினைச்சா சிவப்பு வாங்கிக் குடுப்பாருன்னு. நம்ம குடும்பத்துக்கு ஒரு சிவப்பு அட்டை இல்லாட்டி மானம் போயிடும்.”

வீக்கத்துக்கு மேலே அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஐயாவுக்குப் பாவமாக இருந்தது. அந்த வலி எப்படி இருக்கும் என்று தோட்டத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். மைசூர்பாகை வாங்கிப் பாப்பாவிடம் கொடுத்தார். ஸ்டோர்க் கதவைத் திறந்து, சம்பந்தியம்மாவுக்கு முக்காலியைத் துடைத்துப் போட்டு, எதிரே தானும் உட்கார்ந்தார்.

வாயைத் திறங்க என்று அவரும் சொல்லவில்லை. கரண்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டு, “போத்தல் கொண்டாந்தீங்களா?” என்று கேட்டார்.